'33' எபிசோட்: ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தா என்ன தெரியுது?

#1 கொருக்குப்பேட்டை_கேபின்

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'ங்கிற விண்வெளிக் கதை 2003 டிசம்பர்ல டிவியில மினி தொடரா வந்துச்சு. அதுக்கப்புறம் வாராந்தரத் தொடரோட முதல் எபிசோட் '33'. இங்கிலாந்துல 2004 அக்டோபர் 18, அமெரிக்காவுல 2005 ஜனவரி 14. எழுதினது ரொனால்டு டி. மூர், இயக்கம் மைக்கேல் ரைமர். அறிவியல் புனைகதைக்குக் குடுக்குற ஹியூகோ விருதை 2005-ல வாங்கினது. ஞாயித்துக்கிழமை படிப்பகத்துல போடப் போறது இதான். கதை தெரிஞ்சா ருசி போயிடும்னு நினைக்கிறவங்க பாத்துட்டு வந்து படிங்க, கீழே முழுசா உடைச்சிருக்கேன்.

சுருக்கமா நிலவரம்: மனுஷங்க உண்டாக்கின சைலான் இயந்திரங்க 12 கோள்களையும் அழிச்சிடுச்சு. தப்பினது கலாக்டிகாங்கிற பழைய போர்க்கப்பல், கூட அறுபது சொச்சம் சிவிலியன் கப்பல். ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குக் கண்ணிமைக்கிற நேரத்துல தாவுறாங்க. சரியா 33 நிமிஷத்துல சைலான் வந்து நிக்குது. திரும்பத் தாவுறாங்க. திரும்ப 33. நாம உள்ளே நுழையும்போது இது 237 தடவை ஆயாச்சு, 130 மணி நேரமா யாரும் தூங்கல.

முதல்ல இந்தக் கணக்கைச் சரி பாத்தேன். 237 × 33 = 7,821 நிமிஷம். 60-ஆல வகுத்தா 130 மணி 21 நிமிஷம். வசனத்துல வர்ற ரெண்டு எண்ணும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுது. டிவி தொடர்ல இது அபூர்வம். ஆனா இதுக்குள்ள இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. சைலான் வந்த பிறகு சண்டைக்கு 2 நிமிஷம் ஆகுதுன்னு வச்சா 237 × 2 = 474 நிமிஷம், கிட்டத்தட்ட 8 மணி நேரம் கூடிடும். 138 மணின்னு சொல்லியிருக்கணும். அப்படிச் சொல்லல. ஆக, தாவினதுலேர்ந்து சைலான் வர்றதுக்கு 33 இல்ல. சைலான் வந்ததுலேர்ந்து அடுத்து சைலான் வர்றதுக்குத்தான் 33. சண்டை, தாவல், சேதம் பாக்குறது, அடுத்த கணக்குப் போடுறது எல்லாமே அந்த 33-க்குள்ள அடக்கம்.

எபிசோடோட கதாநாயகன் அந்தக் கடிகாரம்தான்னு நான் சொல்றது இதனாலதான். பீரங்கிச் சண்டையை எதிர்பாத்து உக்காந்தா ஏமாந்துடுவீங்க. இது ஒரு வேலை முறையைப் பத்தின எபிசோட். அந்த வேலை முறையைத் தூக்கமின்மை எந்த இடத்துல அரிக்குதுன்னு பாத்தாத்தான் படம் பிடிபடும்.

ஒரு தாவலுக்கு என்னென்ன நடக்கணும்னு திரையில பாத்து எழுதி வச்சேன்:

அடுத்த இடத்தைக் கணக்குப் போடணும். அதை எல்லாக் கப்பலுக்கும் அனுப்பணும். ஒவ்வொரு கப்பலும் தாவல் எந்திரத்தைச் சூடேத்தி 'ரெடி' சொல்லணும். வைப்பர் போர் விமானங்க தானா தாவ முடியாது. அதனால அதெல்லாம் தாய்க்கப்பல்ல இறங்கியாகணும். விமானத் தளம் உள்ளே மடங்கணும். சிவிலியன் கப்பல் எல்லாம் போன பிறகு கலாக்டிகா கடைசியாப் போகணும். போன இடத்துல எத்தனை கப்பல் வந்துச்சுன்னு எண்ணணும்.

இதுல கடைசி வரி இருக்கே, 'எண்ணணும்'. எபிசோட் உடையுற இடம் அதுதான். 238-வது தாவலுக்கு அப்புறம் எண்ணிப் பாத்தா ஒலிம்பிக் கேரியர்னு ஒரு கப்பல் இல்ல. அதுல 1,345 பேர். அது இல்லாத அந்தத் தடவை மட்டும் 33 நிமிஷம் தாண்டியும் சைலான் வரல.

#2 ராயபுரம்_செராங்கு

கேபின் தம்பி, கணக்கு அருமை. ஒண்ணு சேத்துக்கங்க. கப்பல் வேலைக்கு எஸ்டிசிடபிள்யூன்னு உலகம் பூரா ஒரே விதி இருக்கு. எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைஞ்சது 10 மணி ஓய்வு. 7 நாளுக்கு 77 மணி. அந்தப் பத்தை ரெண்டாப் பிரிக்கலாம், ஆனா ஒரு பங்கு 6 மணிக்குக் குறையக் கூடாது. ரெண்டு ஓய்வுக்கு நடுவுல 14 மணிக்கு மேல போகக் கூடாது.

அந்த ஆறு மணி சேர்ந்தாப்ல வேணும்கிறதுதான் விதியோட உயிர். கலாக்டிகாவுல ஒருத்தன் ஒவ்வொரு தாவலுக்கும் நடுவுல 15 நிமிஷம் படுத்தான்னே வைங்க. ஒரு நாளைக்கு 43 தாவல் சொச்சம், கூட்டினா கிட்டத்தட்ட 11 மணி. காகிதத்துல விதி தாண்டியாச்சு! ஆனா அது ஓய்வே இல்ல. ரெஜிஸ்டர்ல மணியைக் கூட்டிக் காட்டுற எல்லா இடத்துலயும் நடக்குற பித்தலாட்டம் இதான்.

கேள்வி ஒண்ணு: ஆளை ரெண்டு வாட்சா, அதாவது ரெண்டு ஷிப்டா, ஏன் பிரிக்கல? ஆறு மணி வேலை, ஆறு மணி தூக்கம். தாவல் நடக்கும்போது பாதிப் பேர் தூங்கட்டுமே.

#3 சொம்மா_பாக்றவன்

இன்னாபா இது, பரீட்சைக்குப் படிக்கிற மாரி கீது. நான் பாத்தேன். 33 நிமிசத்துக்கு இன்னா காரணம்னு கடைசி வரிக்கும் சொல்லவே இல்ல. ஏன் 33? ஏன் 35 இல்ல? அத்த கேட்டா ஒருத்தன் கிட்டயும் பதில் இல்ல. நடுவுல மழையில ஒருத்தன் காட்டுல ஓடினு கீறான், அவன் யாரு, இங்க இன்னா வேலை? முதல் தபா பாக்குறவனுக்கு ஒண்ணியும் புரியாது. பத்துக்கு அஞ்சு.

#4 கொருக்குப்பேட்டை_கேபின்

சொம்மா அண்ணே, காட்டுல ஓடுறவன் ஹீலோ. மினி தொடர்ல தன் இடத்தை இன்னொருத்தருக்கு விட்டுட்டு கேப்ரிகா கோள்லயே நின்னுட்டவன். அந்தப் பகுதி விஷயத்துல நான் உங்க கட்சி. கடிகாரம் ஓடிட்டிருக்கும்போது அங்க வெட்டிப் போறது அழுத்தத்தை இறக்கிவிடுது. கப்பலுக்குள்ளயே 44 நிமிஷமும் பூட்டி வச்சிருந்தா இன்னும் மூச்சு முட்டியிருக்கும்.

33-க்குக் காரணம் சொல்லாதது குறை இல்ல. துரத்தப்படுறவனுக்குத் துரத்துறவன் கணக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அதை உடைக்க வழி பாத்திருப்பான், அது வேற கதை ஆயிருக்கும்.

செராங்கு அண்ணே கேள்விக்கு: கலாக்டிகாவை மியூசியமா மாத்திட்டிருந்த சமயத்துல போர் வந்துச்சு. ஆள் அரைகுறை. பைலட் அதைவிடக் குறைச்சல். எல்லா வைப்பரும் ஒவ்வொரு தடவையும் வெளியே போயாகணும். கன்ட்ரோல் ரூமை ரெண்டாப் பிரிக்கலாம், பைலட்டைப் பிரிக்க முடியாது.

#5 ராயபுரம்_செராங்கு

ஒத்துக்கறேன். இன்னொண்ணும் இப்ப தோணுது. சிவிலியன் கப்பல்ல நிலைமை இதைவிட மோசமா இருக்கும். ஒரு பயணிக் கப்பல்ல தாவல் எந்திரம் பாக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்ல ரெண்டு பேர்தான் இருப்பான். கான்வாயோட, அதாவது கூட்டமாப் போற கப்பல் வரிசையோட, வேகம் அதுல இருக்குற மெதுவான கப்பலோட வேகம்னு சொல்லுவாங்க. இங்க கான்வாயோட விழிப்பு அதுல ரொம்பத் தூங்கி வழியுறவனோட விழிப்பு. முதல்ல தவறுறது கலாக்டிகா இல்ல, ஒரு பயணிக் கப்பல். எழுதினவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு.

#6 நைட்_டூட்டி

தூக்கத்தைப் பத்தி யாரும் சரியா எழுதலையேன்னு வந்தேன்.

33 நிமிஷம்ங்கிற அளவு குரூரமான அளவு. எழுதினவர் யோசிச்சு வச்சாரோ தற்செயலோ, உடம்புக்கு இதைவிட மோசமான இடைவெளி கிடைக்கிறது கஷ்டம். ஒரு முழுத் தூக்கச் சுற்று சுமார் 90 நிமிஷம். களைச்ச உடம்பு படுத்தவுடனே வேகமா ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிடும். 10-லேர்ந்து 20 நிமிஷத்துக்குள்ள எழுந்துட்டா ஓரளவு தெளிவு இருக்கும். அதைத் தாண்டி, ஆழத்துல இருக்கும்போது எழுப்பினா, முழிச்ச பிறகும் 15-லேர்ந்து 30 நிமிஷம் வரைக்கும் மூளை மந்தமா இருக்கும். அதாவது அடுத்த அபாய மணி அடிக்கிற வரைக்கும் மந்தம். படுத்தாலும் தப்பு, படுக்கலேன்னாலும் தப்பு.

எவ்வளவு மோசம்னு ஒரு அளவு: 1997-ல டாசன், ரீட் ரெண்டு பேரும் செஞ்ச ஆய்வு இருக்கு. 17 மணி நேரம் முழிச்சிருந்தா கை-கண் வேலைத்திறன் ரத்தத்துல 0.05% மது இருக்குறவன் அளவுக்கு இறங்குது. 24 மணின்னா சுமார் 0.10%. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட வரம்பு 0.03%. ஒரு ராத்திரி முழிச்சாலே வரம்பைப் போல மூணு மடங்கு. இவங்க அஞ்சு நாள் தாண்டி ஆறாவது நாள்ல இருக்காங்க.

130 மணி நேரம் மனுஷனால முழிச்சிருக்கவே முடியாதேன்னு யாராவது கேப்பீங்க. முடியும். 1963 கடைசியில ஆரம்பிச்சு 1964 ஜனவரியில ராண்டி கார்ட்னர்ங்கிற பள்ளி மாணவன் 264 மணி நேரம் முழிச்சிருந்தான், மருத்துவர் கண்காணிப்புல. ஆனா அவன் கையில அணுகுண்டு இல்ல, போர் விமானமும் இல்ல.

நடிப்புல கவனிக்க வேண்டியது கொட்டாவி இல்ல. கொட்டாவி விடுறது நாடகக் களைப்பு. நிஜக் களைப்புல வர்றது நுண்தூக்கம்: கண் திறந்திருக்கும், சில வினாடி ஆள் இருக்க மாட்டான். கேள்வி கேட்டா பதில் அரை வினாடி தாமதமா வரும். சம்பந்தமில்லாம எரிச்சல். சம்பந்தமில்லாம சிரிப்பு. கலாக்டிகா தளபதி அடாமாவும் அவருக்கு அடுத்த அதிகாரி டையும் பேசிக்கிற காட்சிகள்ல பதிலுக்கு முன்னாடி வர்ற அந்தச் சின்ன இடைவெளியைப் பாருங்க. ஊக்க மாத்திரை போட மாட்டேன்னு பைலட் ஸ்டார்பக் மல்லுக்கு நிக்கிற இடமும் அதே ரகம். வீம்பு மாதிரி தெரியுது, ஆனா அந்த எரிச்சலே அறிகுறிதான்.

அப்புறம் பைலட் பூமர். எல்லாரும் செத்த பொணமா இருக்க, அவ மட்டும் தெளிவா இருக்கா. மனுஷ உருவத்துலயும் சைலான் உண்டு; அவளும் சைலானா இருப்பாளோன்னு கூடப் பறக்குற கிராஷ்டவுன் கிண்டல் அடிக்கிறான். அவ நிஜமாவே சைலான்னு காட்டுற மினி தொடரோட கடைசிக் காட்சியைப் பாத்தவங்களுக்கு அந்தக் கிண்டல் சிரிப்பு வராது.

#7 யார்டு_லைன்_தண்டையார்பேட்டை

நைட்_டூட்டி சொன்ன 'கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான்' — ரயில் எஞ்சின்ல இதுக்குன்னே ஒரு பெட்டி இருக்கு, விஜிலென்ஸ் கன்ட்ரோல். 60 வினாடி வரைக்கும் டிரைவர் எந்தக் கைப்பிடியையும் தொடலேன்னா விளக்கு மின்னும். சில வினாடி பாத்துட்டு பஸ்ஸர் அடிக்கும். அப்பவும் பொத்தானை அமுக்கலேன்னா அதுவே பிரேக் போட்டுடும். இதுல கோளாறு என்னன்னா, பழகின கை தூக்கத்துலயே பொத்தானை அமுக்கும். அதனாலதான் அதை மட்டும் நம்பாம, சிக்னல் வந்தா ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும்னு விதி. ஒருத்தர் 'பச்சை'ன்னா மத்தவர் பாத்துட்டு 'பச்சை'ன்னு திருப்பிச் சொல்லணும்.

கலாக்டிகா கட்டளை அறையைக் கவனிங்க. எல்லாமே வாய்விட்டுத்தான் நடக்குது. 'கேட்டா'ங்கிற அதிகாரி கடிகாரத்தைச் சத்தமா எண்ணுறான், தகவல் தொடர்பு பாக்குற டுவாலா கப்பல் நிலவரத்தைச் சத்தமா சொல்றா, டை திருப்பிச் சொல்றாரு. இதுக்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கு. சைலான் கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துடும்னு கலாக்டிகாவுல கம்ப்யூட்டர்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கவே இல்ல. அதனாலதான் ஒயர் போன், கையால எழுதின தாள், வாய் வார்த்தை. அந்தப் பழைய முறை அவங்களைக் காப்பாத்தின அதே முறைதான். ஆனா அது ஓடுறது முழுக்க மனுஷ மூளையில. மூளை தூங்கினா மாத்து ஏற்பாடு கிடையாது. நல்லது செஞ்ச அதே விஷயம் கழுத்தைப் பிடிக்குது. இது எழுத்துல பெரிய கெட்டிக்காரத்தனம்.

தாளோட நாலு மூலையும் வெட்டியிருக்கும், பாத்தீங்களா? புத்தகம், சீட்டு, எல்லாத்துக்கும் அப்படியே. படிப்பகத்துப் பசங்களை அதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

#8 எர்ணாவூர்_வாசகி

எல்லாரும் கடிகாரத்தையே பிடிச்சுத் தொங்குறீங்க. எனக்கு இந்த எபிசோட் வைட்போர்டு.

குடியரசுத் தலைவர் ரோஸ்லின் கப்பல்ல ஒரு வெள்ளைப் பலகை. அதுல மார்க்கரால உயிரோட இருக்குறவங்க எண்ணிக்கை. கம்ப்யூட்டர் திரை இல்ல, கையால அழிச்சுக் கையால எழுதுறது. எபிசோட் ஆரம்பத்துல 50,298. முடிவுல 47,973. மனுஷ இனமே அவ்வளவுதான். நம்ம திருவொற்றியூர் மண்டலத்துல ஒரு மூலைக்குக் காணாது.

இப்ப கூட்டிக் கழிச்சுப் பாருங்க. 50,298-லேர்ந்து ஒலிம்பிக் கேரியர்ல இருந்த 1,345 போனா 48,953. கடைசியில ஒரு குழந்தை பிறந்துதான் 47,973 ஆகுது, அதுக்கு முன்னாடி 47,972. ஆக இன்னும் 981 பேர் குறையுறாங்க. அந்த 981 பேருக்குத் தனியா ஒரு காட்சி கிடையாது. குண்டு வெடிச்சுச் செத்தாப்லயும் காட்டல.

இது கவனப்பிசகுன்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல. அவசரத்துல எடுத்த தலைக்கணக்கு இப்படித்தான் ஊறி இறங்கும். ஒரே ஆள் பேரு ரெண்டு கப்பல் பட்டியல்ல இருக்கும். காயம்பட்டவன் சாவான். ஏறினதாச் சொன்னவன் ஏறியே இருக்க மாட்டான். புயல் முகாம்ல சாப்பாட்டுப் பொட்டலத்துக்காக எடுக்குற கணக்கும் முதல் நாள் ஒண்ணு, மூணாம் நாள் ஒண்ணாத்தான் இருக்கும். மூணாம் நாள் கணக்குதான் நிஜத்துக்குக் கிட்ட.

கடைசிக் காட்சியில ரோஸ்லின் '2'-ஐ விரலால அழிச்சுட்டு '3'-னு எழுதுற இடத்தைத் திரும்பப் போட்டுப் பாத்தேன். ஒரே ஒரு இலக்கம். முழு எண்ணையும் அழிச்சு எழுதல. இசை கூட அங்க அடக்கி வாசிக்குது.

#9 சொம்மா_பாக்றவன்

சரி வாசகியக்கா, பலகை மேட்டர் நல்லாத்தான் கீது. ஆறு மார்க் ஆக்கிக்கிறேன்.

ஆனா எனக்கு ஒரு டவுட்டு, அத்த யாரும் தொடவே இல்ல. அந்தக் கேரியர் கப்பல் அப்பால திரும்பி வந்துச்சு. அதுலதான் சைலானுக்கு வழி காட்டுற ஏதோ கீதுன்னு சந்தேகம் வந்துச்சு. சர்தான். அப்போ அடுத்த தாவலுக்கு எடம் எங்கன்னு அதுக்கு மட்டும் சொல்லாம வுட்டுட்டு மத்தவன் எல்லாம் தாவிக்கினா முடிஞ்சுது. எதுக்கு சுடணும்? 1,345 உசிரு நைனா. இத்த ஓட்டைன்னு சொல்றதா இல்லையா?

#10 கொருக்குப்பேட்டை_கேபின்

அண்ணே, இந்த இழையிலயே நல்ல கேள்வி இதான். நான் பாதி ஒத்துக்கறேன்.

காட்சியை வரிசையா வைப்போம். கேரியர் தாமதமா வந்து சேருது. அதுக்குப் பழைய தாவலோட இடம் ஏற்கெனவே தெரியும், அதனால வர முடிஞ்சுது. வந்ததும் கடிகாரத்தைத் திரும்ப ஓட விடுறாங்க. அதோட ரேடியோவை மறிக்கிறாங்க. நிக்கச் சொன்னா நிக்காம கூட்டத்தை நோக்கி வருது. பக்கத்துல போன பைலட் அப்போலோவுக்கு ஜன்னல்ல ஒரு ஆளும் தெரியல. அப்புறம் அதுக்குள்ள அணு ஆயுதம் இருக்குறதுக்கான கதிர்வீச்சு தென்படுது. அங்கதான் சுடச் சொல்லி உத்தரவு.

அணு ஆயுதம் இல்லேன்னா நீங்க சொன்ன வழி நியாயம்தான். இருக்குன்னு தெரிஞ்ச பிறகு நேரம் இல்ல. அறுபது கப்பல் தாவுறதுக்குள்ள அது கிட்ட வந்துடும். இன்னொண்ணு, விட்டுட்டுப் போனா அதுல ஆள் இருந்தா சைலான் கையில சாவாங்க. சுடாம விட்டோம்னு நம்ம மனசு மட்டும் ஆறும்.

ஆனா இதை யாராவது ஒருத்தர் வசனத்துல கேட்டிருக்கணும். 'விட்டுட்டுப் போகலாமா?'ன்னு ஒரே வரி. அது இல்லாதது எழுத்துல குறைதான்.

#11 யார்டு_லைன்_தண்டையார்பேட்டை

எஞ்சினை மட்டும் சுட்டு நிறுத்தியிருக்கலாமேன்னு வேற ஒரு குழுவுல சண்டை பாத்தேன். அதுக்கு இங்கயே பதில் போட்டுடறேன். விண்வெளியில எஞ்சின் நின்னா கப்பல் நிக்காது. தண்ணியில எஞ்சினை நிறுத்தினா தண்ணியே இழுத்துப் பிடிக்கும், தண்டவாளத்துல உராய்வு பிடிக்கும். அங்க எதுவும் கிடையாது. அதே வேகத்துல, அதே திசையில வந்துட்டே இருக்கும். நிறுத்தணும்னா எதிர்த் திசையில எஞ்சின் ஓடணும். எஞ்சினைச் சுட்டா அதை நிறுத்தக்கூடிய ஒரே கருவியை உடைச்சதா ஆகும்.

அணுகுண்டு விஷயமும் அப்படித்தான். காத்து இல்லாததால அதிர்ச்சி அலை இல்ல. கொல்றது கதிர்வீச்சு. தூரம் ரெண்டு மடங்கானா வீச்சு நாலுல ஒண்ணாகும், மூணு மடங்கானா ஒம்போதுல ஒண்ணு. அதனால தூரம்தான் கவசம். தயங்குற ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கவசத்தைத் தின்னுது. அப்போலோ ஜன்னலை எட்டிப் பாக்குற காட்சியில நமக்கு வயித்தைப் பிசையுறது அதனாலதான்.

#12 ராயபுரம்_செராங்கு

நம்மாளு வேஷத்துல வர்ற கப்பல்னா வடசென்னைக்காரனுக்கு ஒரு பேரு ஞாபகம் வரணுமே! எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம துறைமுகத்துக்கு எதிர்ல வந்து நின்னு பர்மா ஆயில் டாங்கியைக் கொளுத்திட்டுப் போன ஜெர்மன் கப்பல். அதுக்கு நிஜத்துல மூணு புகைப்போக்கி. நாலாவதா ஒரு பொய்ப் புகைப்போக்கியைக் கட்டிக்கிட்டா தூரத்துலேர்ந்து பாக்க பிரிட்டிஷ் கப்பல் மாதிரி இருக்கும். அதே வருஷம் அக்டோபர் 28 விடியக்காலம் அந்த வேஷத்துல பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே நுழைஞ்சு ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடிச்சுது. எமகாதகப் பயலை 'சரியான எம்டன்'னு நம்ம வீட்டுப் பெருசுங்க சொல்றது அதுலேர்ந்து வந்ததுதான்.

ஒலிம்பிக் கேரியர் எம்டனைவிட மோசமான வேஷம். புகைப்போக்கி பொய் இல்ல, கப்பலே நிஜம். பேரு நிஜம், பட்டியல் நிஜம். உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னுதான் தெரியல.

#13 எர்ணாவூர்_வாசகி

அந்த ஜன்னல் விஷயத்துலதான் எனக்கு எபிசோட் மேல கோவம். ஆள் தெரியலேன்னு காட்டிட்டா பாக்குறவனுக்கு ஒரு தப்பிக்கிற வழி கிடைச்சிடுது. 'காலிக் கப்பலைத்தான் சுட்டாங்க'ன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிடலாம். ஒரே ஒரு முகத்தைக் காட்டியிருந்தா?

#14 நைட்_டூட்டி

முகத்தைக் காட்டினா அது அப்போலோ கொலைகாரனா இல்லையாங்கிற எபிசோட் ஆயிடும். இப்போ அவனுக்கு என்னைக்குமே தெரியாது. தெரிஞ்சு சுட்டவனுக்கு ஒரு தூக்கமாவது வரும்.

எல்லாரும் மறந்த இன்னொரு ஆள் விஞ்ஞானி பால்டர். அந்தக் கப்பல்ல வர்ற டாக்டர் அமரக், சைலானுக்கு வழி விட்ட தன்னோட துரோகத்தை அம்பலப்படுத்திடுவார்னு பயந்து, கப்பல் அழியணும்னு உள்ளுக்குள்ள வேண்டுற ஒரே ஆள். கடவுள்கிட்ட மன்னிப்பு கேளுன்னு அவன் தலைக்குள்ள இருக்குற, அவனுக்கு மட்டும் தெரியுற சைலான் பொண்ணு சிக்ஸ் நச்சரிக்கிறா. அவன் கேட்டதும் உத்தரவு வருது. நல்லவங்க எடுத்த முடிவும் இந்த அயோக்கியனோட வேண்டுதலும் ஒரே இடத்துல வந்து முட்டுது. அதை எடிட்டிங்ல மாத்தி மாத்திக் காட்டியிருக்குற விதம் சபாஷ்.

#15 கொருக்குப்பேட்டை_கேபின்

வாசகியக்கா சொன்னதை யோசிச்சுட்டே இருக்கேன். ஞாயித்துக்கிழமை அதையே முதல் கேள்வியா வைக்கலாம்.

படிப்பகத்துல போடுறதுக்கு சில ஏற்பாடு. முதல் தடவை நிறுத்தாம 44 நிமிஷமும் ஓடட்டும். யாரும் எழுத வேணாம். டீ குடிச்சுட்டு ரெண்டாவது ஓட்டம். இதுக்கு ஒரு நீளத்தாள்ல நாலு பத்தி கோடு போடுங்க: படத்துல ஓடுற நிமிஷம், கடிகாரம் காட்டுற நேரம், யார் என்ன வேலை செய்யுறாங்க, என்ன தப்பு நடந்துச்சு. நாலாவது பத்திதான் முக்கியம். சின்னத் தப்பையும் எழுதணும்: ஒருத்தர் சொன்னதை ரெண்டு தடவை கேட்டது, கை தடுமாறினது, கோவம் வந்தது. கடைசியில நாலாவது பத்தியை மேலேர்ந்து கீழே படிச்சா விமர்சனம் பாதி எழுதினாப்ல.

கேப்ரிகா காட்சிகளுக்குத் தாள்ல ஒரு குறுக்குக் கோடு மட்டும் போட்டு விட்டுடுங்க. எத்தனை கோடு விழுதோ அத்தனை தடவை அழுத்தம் இறங்குது. சொம்மா அண்ணன் கட்சி ஜெயிக்குதான்னு பாத்துடலாம்.

ஸ்பீக்கரைக் கொஞ்சம் கீழ் ஸ்தாயி நல்லாக் கேக்குற மாதிரி வைக்கணும். இசையமைப்பாளர் மெக்கிரியரியோட இசையில மேளம்தான் பிரதானம், ஜப்பான் டைக்கோ மேளம். டிவியோட சொந்த ஸ்பீக்கர்ல அது டப்பா தட்டுற சத்தமா வரும். தலைப்பு இசையில காயத்ரி மந்திர வரி வரும், அங்க எல்லாரும் சிரிச்சுப் பேசுவாங்க. அதுக்கு முன்னாடியே சொல்லி வச்சுடறது நல்லது.

கேமரா பத்தி ஒண்ணு. கப்பலுக்குள்ள கையில பிடிச்ச கேமரா ஆடுறது எல்லாருக்கும் தெரியும். கப்பலுக்கு வெளியே, கம்ப்யூட்டர்ல செஞ்ச காட்சியிலயும் அதே ஆட்டம், அதே தடுமாறுற ஜூம், ஃபோகஸ் தேடுறது. செய்திக்காரன் ஒருத்தன் விண்வெளியில மிதந்துட்டே படம் பிடிக்கிற மாதிரி. களைப்பு பாத்திரங்களோட நிக்காம கேமராவுக்கும் தொத்திக்குது.

#16 யார்டு_லைன்_தண்டையார்பேட்டை

விமர்சனத் தாள் தமிழ்ல போடுறோம்ல, 'ஜம்ப்'புக்கு என்ன போடுறது? 'குதிப்பு'ன்னா கிணத்துல குதிக்கிற மாதிரி இருக்கு.

#17 எர்ணாவூர்_வாசகி

தாவல். மேல எல்லாரும் ஏற்கெனவே அதைத்தான் எழுதியிருக்கீங்க, யாரும் சொல்லிக் குடுக்கல. எந்திரத்தைத் தயார் பண்றதுக்குக் கேபின் 'சூடேத்துறது'ன்னு போட்டிருக்கார், அதையே வச்சுக்கலாம். அபாய மணிக்கு அடிக்கிற அறிவிப்புக்கு 'அவரவர் இடத்துக்கு!' போதும். சைலான், வைப்பர் எல்லாம் பேரு, மாத்தாதீங்க.

#18 சொம்மா_பாக்றவன்

ரெண்டாந்தபா நேத்து ராத்திரி பாத்தேன், ஸ்டாப்வாட்ச் எல்லாம் இல்ல, சொம்மாத்தான். அந்த டுவாலா பொண்ணு ஒரு போட்டோவை எடுத்தும்போயி சுவத்துல ஒட்ட எடம் தேடுது பாரு. சுவரு பூரா போட்டோ. எடமே இல்ல. அங்க ஒருத்தனும் வசனம் பேசல. அந்த ஒரு சீனுக்கு ஏழு. மழையில ஓடுறவனுக்கு இன்னும் மார்க் கெடையாது.

அடுத்த எபிசோட் பேரு 'வாட்டர்'னு போட்டுகீது. கப்பல்ல தண்ணி டாங்கி வெடிச்சுப்பூடுதாமே? லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில வச்சவங்க நாம. அத்த விமர்சனம் நான்தான் எழுதுவேன், யாரும் கை வைக்காதீங்கோ.

#19 ராயபுரம்_செராங்கு

எழுதுங்க. கப்பல்ல தண்ணி கணக்கு எடுக்குறது எப்படின்னு டாங்கி அளவுகோல், சவுண்டிங் எல்லாம் சனிக்கிழமைக்குள்ள போட்டு விடறேன்.